மச்சானுக்கென்று வாங்கிய இத்தாலியப் பேனா

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தின் தலைமை வேதியியலாளர் அவர்கள் பணி நிறைவு பெறும் இந்நாளில், கூடத்து ஊழியர் அனைவரும் கூடி நின்று வாசித்தளிக்கும் மடல்

துளி நீரிலும் தூய்மை தேடிய தூயவரே! சொட்டு மையிலும் சுகம் கண்ட சுடர்மதியே! கலங்கிய நீரைக் கண்டால் கலங்காமலும், கலங்கிய ஊழியரைக் கண்டால் தாமும் கலங்கியும் நின்ற கனிவின் உருவே! குடுவைகளுக்கும் குழாய்களுக்கும் நடுவே குன்றென நிமிர்ந்து நின்று, குறை சொன்னவர் நாவையும் குணத்தால் கட்டிய எங்கள் கூடத்தின் கோமகளே! வணக்கம்!

இம்மடலை முழுவதும் தங்களை நோக்கியே பாடிவிடத்தான் எண்ணினோம். ஆனால் எங்கள் கையால் எழுதிய எதையும் தாங்கள் திருத்தாமல் விட்டதில்லை. இரண்டாம் பத்தியிலேயே கையை உயர்த்தி, "அந்த இடத்துல ஒற்று விட்டுப்போச்சு" என்று சொல்லிவிடுவீர்களோ என்று எங்களுக்கு அச்சம். ஆகவே இனி வருவதை அவையோருக்குச் சொல்லுகிறோம். தாங்கள் அருள்கூர்ந்து, யார் கதையையோ கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருங்கள்.

அவையோரே! முடிவெடுப்பதில் எங்கள் மேடத்துக்கு நிகர் மேடம்தான். ஒரு பேட்டைக்கே போகும் குடிநீரில் கோளாறு என்று குடுவை சொல்லிவிட்டால், மேலிடத்திலிருந்து எத்தனை பேர் தொலைபேசியில் கத்தினாலும், "தண்ணியை நிறுத்துங்க. அதைக் குடிக்கப்போறது நீங்க இல்லை, குழந்தைங்க" என்று சொல்லிக் கையெழுத்தைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். அந்தக் கையெழுத்தைப் போடும் பேனா மட்டும் நாளுக்கொன்றாக மாறும். மைப்பேனா சேர்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, முறைப்பார். அது அவர் தவம். அவர் மேசையிலுள்ள சோதனைக் குழாய்த் தாங்கியில் பாதி சோதனைக் குழாய், மீதி பேனா.

ஒருமுறை நீர் மாதிரி ஒன்று இளநீலமாக வந்தது. கூடமே கதிகலங்கியது. எந்த ஆலைக் கழிவோ, எந்தச் சாயப்பட்டறையோ என்று ஆளாளுக்குப் பறந்தோம். மேடம் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ஆலையும் இல்லை, பட்டறையும் இல்லை. நான்தான். காலைல இதுல நிப்பு கழுவினேன்" என்றார். அறிக்கையிலும் அப்படியே எழுதினார். பிறகு தாமே வண்டியில் ஏறிப்போய்ப் புது மாதிரி எடுத்துவந்தார்.

இப்பேர்ப்பட்டவருக்கு ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் முடிவெடுக்க வரவில்லை. தம் சேகரிப்புக்கு உயர்ந்த ரக இத்தாலியப் பேனா ஒன்று வாங்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. எது என்பதில்தான் சிக்கல். இன்று தேன்நிறப் பேனா என்பார். நாளை எரிமலைக் கல்லில் கடைந்த கறுப்புப் பேனா என்பார். மறுநாள், "தங்க முள்ளு சரி, ஆனா மூடி கனம்" என்று பெருமூச்சு விடுவார். அவர் வீட்டுக்காரர் ஒருநாள் எங்களிடம் புலம்பினார்: "என்னையே பத்து நிமிஷத்துல முடிவு பண்ணினவ இவ. ஒரு பேனாவுக்கு இத்தனை வருஷமா? எனக்குப் பெருமையா இருக்கா, அவமானமா இருக்கான்னே தெரியலை."

பணி நிறைவுப் பரிசாக அந்தப் பேனாவையே கொடுத்துவிடுவது என்று நாங்கள் தீர்மானித்தது அன்றைக்குத்தான். ஆனால் எதை வாங்குவது? கூடத்தில் பேனா தெரிந்தவர் ஒருவர்தான். பரிசு பெறப்போகிறவரும் அவர்தான். கடைசியில் சுமை ஸ்டோர் அண்ணன் தலையில் விழுந்தது. அமிலப் புட்டிகளையும் கண்ணாடிச் சாமான்களையும் காத்துவரும் அவர் பொய் சொல்லிப் பழகாதவர். அதனாலேயே மேடம் நம்புவார் என்று துணை வேதியியலாளர் அம்மையார் கணக்குப் போட்டார்.

ஸ்டோர் அண்ணன் ஒரு காலை மேடத்தின் அறைக்குள் போய், மூச்சுவிடாமல் ஒப்பித்தார். "மேடம், வெளியூர்ல எனக்கு ஒரு மச்சான் இருக்காரு. பேனா சேர்க்கிறாரு. இத்தாலிப் பேனா ஒண்ணு வேணுமாம். எது நல்லதுன்னு உங்ககிட்ட கேட்கச் சொன்னாரு."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். மாட்டிக்கொண்டோம் என்று அண்ணன் கதவைப் பார்த்தார். ஆனால் மேடத்தின் முகத்தில் வந்தது சந்தேகம் இல்லை, பேரானந்தம்.

"உட்காருங்க. உங்க மச்சான் கை பெருசா சின்னதா?"

"நடுத்தரம் மேடம்."

"அழுத்தி எழுதுவாரா?"

"அவரு எதையுமே அழுத்தித்தான் சொல்லுவாரு."

"என்ன எழுதுவாரு?"

அண்ணன் விழித்தார். "கவிதை" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்போ வேகமா எழுதுவாரு. மை தாராளமா இறங்கணும். எந்தக் கை?"

இந்தக் கேள்விக்கு உலகத்தில் பெரும்பாலோர் சொல்லக்கூடிய விடையைச் சொல்லியிருந்தால் கதை இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பொய்க்குள் இறங்கிய மனிதருக்கு எல்லாவற்றையும் கொஞ்சம் தூக்கலாகச் சொல்லவேண்டும் போலத் தோன்றிவிடுகிறது. "இடது கை மேடம்" என்றார் அண்ணன்.

அன்று மாலையே மேடம் அவரைப் பேனாக் கடைக்கு அழைத்துப் போனார். கண்ணாடிக் கடைக்கும் சாவி செய்பவர் கடைக்கும் இடையே இருவர் நின்றால் நிறைந்துவிடும் கடை. கடைக்காரர் கறுப்பு வெல்வெட் துணியை விரித்து மூன்று பேனாக்களை எடுத்து வைத்தார். விலைச்சீட்டைப் பார்த்த அண்ணன் அதை ஏதோ தொலைபேசி எண் என்றே நினைத்தார்.

முதலாவது வெள்ளியில் பூவேலை செய்தது. மேடம் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது பேனா இல்லை, கதவுக் கைப்பிடி" என்று வைத்துவிட்டார். இரண்டாவது எரிமலைக் கல் கறுப்பு. "கவிதை எழுதுறவருக்கு இது ரொம்பக் கம்பீரம். பயந்துடுவாரு." மூன்றாவது செல்லுலாய்டு என்ற பழைய ரகப் பிளாஸ்டிக்கில் செய்தது, தேன் நிறத்துக்குள் கடல்நீலம் புகைபோலச் சுருண்டு கிடந்தது. மேடம் மூடியைத் திறந்து, முகர்ந்து பார்த்தார். செல்லுலாய்டுக்கே உரிய லேசான கற்பூர வாசனை. கண்ணை மூடிக்கொண்டார்.

"இதுதான்" என்றார்.

கடைக்காரர் மேடத்தை வியந்து பார்த்தார். தமக்காக வந்தபோதெல்லாம் கடை சாத்தும்வரை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போன வாடிக்கையாளர், யாரோ ஒரு மச்சானுக்காகக் கண் இமைக்கும் நேரத்தில் முடிவெடுத்துவிட்டார். அண்ணனுக்கோ மலையை இறக்கிவைத்தாற்போல் இருந்தது. நாங்கள் திரட்டிக் கொடுத்த பணத்தை எண்ணி வைத்துவிட்டு, வந்த வேலை முடிந்தது என்று கிளம்பினார்.

"இருங்க. இடது கைக்காரருக்கு இந்த நிப்பு கீறும்" என்றார் மேடம். கடைக்காரரைப் பார்த்து, "முனையை இடப்பக்கம் சாய்ச்சுத் தீட்டிக் கொடுங்க."

"வேண்டாம் மேடம்! மச்சான் பழகிப்பாரு!" என்று அண்ணன் அலறினார்.

"அது தப்பு. பேனாவுக்காக ஒரு மனுஷன் கையை வளைக்கக் கூடாது. கைக்காகத்தான் பேனாவை வளைக்கணும்."

கடைக்காரர் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தங்க முள்ளைத் தீட்டத் தொடங்கினார். அந்த மெல்லிய உரசல் ஒவ்வொன்றும் தம் நெஞ்சின் மேலேயே உரசியதாக ஸ்டோர் அண்ணன் பிறகு எங்களிடம் சொன்னார். மேடம் வலக்கைக்காரர். எங்கள் பரிசு அண்ணன் கண்முன்னே, பரிசு பெறப்போகிறவர் மேற்பார்வையிலேயே, அவருக்கு உதவாததாக ஆகிக்கொண்டிருந்தது. வேறு முள் கிடைக்குமா என்று அண்ணன் மறுநாள் ஓடிப்போய்க் கேட்டார். இத்தாலியிலிருந்து வரவேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது, இந்த நிறத்தில் வேறு பேனாவும் இல்லை என்று கடைக்காரர் கையை விரித்தார்.

இது போதாதென்று, அடுத்த வாரம் மேடம் ஸ்டோர் அறைக்கு வந்தார். வந்து கதவைச் சாத்தினார். புட்டிகளின் லேபிள்களை வாசிப்பதுபோலக் கொஞ்ச நேரம் நின்றார். யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாதவர் அவர்.

"ஸ்டோர், ஒரு உதவி. உங்க மச்சான் அந்தப் பேனாவை எனக்கு விட்டுக்கொடுப்பாரா?"

அண்ணன் கையிலிருந்த புட்டியை அலமாரியில் வைத்தார்.

"அடுத்தவருக்குன்னு பார்த்தப்போதான் எனக்கு என்ன வேணும்னே தெரிஞ்சுது" என்றார் மேடம். "நிப்பு இடது கைக்குத் தீட்டினதா இருந்தாலும் பரவாயில்லை. நானே அவருகிட்ட பேசறேன். நம்பர் கொடுங்க."

வேறு வழியில்லை. மச்சான் பிறந்தாக வேண்டும். மாதிரி எடுக்கும் வண்டியின் ஓட்டுநருக்கு அன்று கடும் ஜலதோஷம், குரலே மாறிப்போயிருந்தது. மேடம் அறியாத எண்ணுள்ள ஒரு தொலைபேசியைக் கொடுத்து, அவரை வண்டிக்குள் உட்காரவைத்துக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டோம். அறையிலிருந்து மேடம் அழைத்தார்.

"வணக்கம். பேனா விஷயமாப் பேசறேன்."

"முடியாது" என்றார் ஓட்டுநர், சொல்லிக்கொடுத்தபடி.

"நான் இன்னும் கேட்கவே இல்லையே?"

"கேட்டாலும் முடியாது. அது என் உயிர்."

மேடம், "சரிங்க. உயிர்னு சொல்லிட்டீங்க, அதுக்கு மேல நான் கேட்கக் கூடாது. ஆனா அதைப் பத்திரமாப் பார்த்துக்குங்க. வெயில்ல வைக்காதீங்க. நல்ல மையா ஊத்துங்க. எழுதாம மட்டும் வச்சிடாதீங்க, காஞ்சு போயிடும்" என்றார்.

ஓட்டுநர் கல்நெஞ்சக்காரர் இல்லை. மூக்கை உறிஞ்சினார். "மேடம், வேணும்னா நீங்களே..." என்று தொடங்கிவிட்டார். பக்கத்தில் இருந்த ஸ்டோர் அண்ணன் பாய்ந்து தொலைபேசியை அணைத்தார். சாயங்காலம் மேடம் அண்ணனிடம் ஒரு மாத்திரைப் பட்டையைக் கொடுத்தார். "உங்க மச்சானுக்கு அனுப்புங்க. பாவம், ரொம்ப ஜலதோஷம்." ஓட்டுநர் அதைச் சாப்பிட்டுக் குணமானார் என்பதை நன்றியோடு இங்கே பதிவு செய்கிறோம்.

அதற்குப் பிந்திய நாட்களைத்தான் எங்களால் மறக்க முடியவில்லை. மேடம் எங்கள் அறிக்கைகளில் ஒரு காற்புள்ளியைக்கூடத் திருத்தவில்லை. "சரி, சரி" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நாங்கள் நடுங்கிப்போனோம். பேனாவை இப்போதே கொடுத்துவிடலாம் என்று ஸ்டோர் அண்ணன் கண் கலங்கக் கெஞ்சினார். "பொறுங்க. இன்னும் கொஞ்ச நாள்தானே" என்றார் துணை வேதியியலாளர்.

அம்மையீர்! இனித் தங்களிடமே பேசுகிறோம். மச்சான் என்று ஒருவர் இந்த மண்ணில் பிறக்கவே இல்லை. தங்கள் முன்னே இருக்கும் சிறு பெட்டியைத் திறந்தருளுங்கள்.

தேர்ந்தவரும் தாங்களே, தீட்டச் சொன்னவரும் தாங்களே, தேடித் தவித்தவரும் தாங்களே. இனி அதனைத் திருக்கரத்தில் ஏந்தி எழுதப்போகிறவரும் தாங்களே! முள் மட்டும் மச்சான் கைக்கு அமைந்துவிட்டது, அப்பிழையைப் பொறுத்தருள்க. நோயும் நோவும் நெருங்காமல், நீரும் நெஞ்சும் தெளிந்தபடி, நிறைந்த இல்லத்தில் நெடுங்காலம் நலமோடு வாழ்க! தங்கள் பேனாக்களில் மை வற்றாதிருக்க! எங்கள் எழுத்தில் பிழை கண்டால் எங்கிருந்தாலும் திருத்தி அனுப்புக!

இங்ஙனம்,
தங்கள் திருத்தங்களால் திருந்திய
பரிசோதனைக் கூடத்து ஊழியர்கள்

இம்மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுவதற்கு முன் சேர்த்தது:

இம்மடல் வாசித்து முடிந்தபின் நடந்ததையும் எழுதி வைக்குமாறு மேடத்தின் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டதால் சேர்க்கிறோம். மேடம் பெட்டியைத் திறந்தார். பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்து முகர்ந்தார். அழுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அழுதது ஸ்டோர் அண்ணன்தான். மேடம் பின்வரிசைப் பக்கம் திரும்பி ஓட்டுநரைக் கூப்பிட்டு, "இப்போ ஜலதோஷம் எப்படி இருக்கு, மச்சான்?" என்று கேட்டார். அவை அதிர்ந்தது. எப்போதிலிருந்து தெரியும் என்று எவ்வளவோ கேட்டுப் பார்த்தோம். சொல்ல மாட்டேன் என்றுவிட்டார்.

பிறகு பொறுப்பை ஒப்படைக்கும் தாளில் கையெழுத்துப் போட வேண்டும், போட்டால்தான் பணி நிறைவு முழுமையாகும். பழைய பேனா ஒன்றை நீட்டினோம். மறுத்துவிட்டார். "இதுலதான் போடுவேன். வலது கைல எழுதினா இந்த நிப்பு பாழாயிடும்" என்று பேனாவை இடக்கைக்கு மாற்றிக்கொண்டார். நாக்கை லேசாக நீட்டியபடி, பள்ளிப் பிள்ளை போல மெல்ல மெல்லப் பெயரை எழுதினார். எழுத்துகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நின்றன. எழுதி முடித்து நிமிர்ந்தபோது அவர் முகத்தில் இருந்த பெருமையை நாங்கள் அதுவரை கண்டதில்லை.

துணை வேதியியலாளர் தாளை வாங்கிப் பார்த்தார். பழைய கையெழுத்துள்ள பதிவேட்டை வரவழைத்து, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். அவருக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் மேடம்தான்.

"மன்னிச்சிடுங்க மேடம். ஒத்துப்போகலை. என்னால வாங்கிக்க முடியாது."

மேடம் அவரை நேராகப் பார்த்தார். துணை வேதியியலாளர் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"சரிதான். வாங்கக் கூடாது" என்றார் மேடம். "நல்லா பழகிட்டு வந்து போடறேன்."

"திங்கட்கிழமை வாங்க மேடம். உங்க மேசையை யாரும் எடுக்க மாட்டோம்."

திங்கட்கிழமை காலை மேடம் வந்தார். அன்றைய அறிக்கைகளில் இருந்த பிழைகளையெல்லாம் இடக்கையால் திருத்தினார். கடைசியில் ஒப்படைப்புத் தாளிலும் கையெழுத்துப் போட்டார். துணை வேதியியலாளர் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் பழக வேண்டும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.