கைரோ பழுதாகவில்லை

இந்த மின்விசிறி ஆடுவதற்குக் கொக்கி காரணமில்லை, மேடம். மூன்று இறக்கைகளில் ஒன்று லேசாக வளைந்திருக்கிறது. நிமிர்த்திவிட்டால் நின்றுவிடும்.

கைரோ பழுதாகி விமானம் விழுந்ததாக எஃப்.ஐ.ஆரில் எழுதியிருக்கிறீர்கள். அதுவும் தவறு. அதைத் திருத்தத்தான் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்தேன்.

கைரோ என்பது தீப்பெட்டி அளவுப் பெட்டி. ரிமோட் விமானத்துக்குள் உட்கார்ந்து, அது சாய்கிறதா என்று கவனிக்கும். இடது இறக்கை தாழ்ந்தால், அதன் பின்விளிம்பில் இருக்கும் மடலைக் கீழே இறக்கும். காற்று அந்த இறக்கையைத் தூக்கிவிடும். அழகான ஏற்பாடு. கற்றுக்குட்டிகளுக்கு வரப்பிரசாதம். நான் அது இல்லாமல் கற்றவன். இரண்டு வருடம் ஆனது. உடைத்த விமானங்களுக்குக் கணக்கில்லை.

எங்களோடு பறக்கவிட வந்த பிராங்க்ளின், ஒரு கல்லூரி விரிவுரையாளர். கைரோவை வைத்துக்கொண்டு ஒரே மாதத்தில் பறக்கவிட்டார். லால்குடிப் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் நின்று எல்லோரும் கைதட்டினார்கள்.

“ஜெய்சங்கர் அண்ணே, சுவிட்சைப் போட்டா அதுவே நிமிந்துக்குது. இதுக்கா ரெண்டு வருஷம் மண்ணைத் தின்னீங்க?” என்றார் பிராங்க்ளின்.

“டியூபைக் கட்டிக்கிட்டுக் காவிரியில மிதக்கறவரு, நீச்சல் தெரியும்னு சொல்லிக்கக் கூடாதுங்க.”

“விடுங்க, அண்ணனுக்கு வயித்தெரிச்சல்,” என்று அவர் மனைவி லின்சி சிரித்தார்.

வயிற்றெரிச்சல் இல்லை. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வது எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு, செட்டிங் சரிபார்த்துத் தருவதாகச் சொல்லி அவர் விமானத்தை வாங்கினேன். கைரோவின் திசையை மாற்றிவைத்தேன். இனி இடது இறக்கை தாழ்ந்தால் அதை இன்னும் தாழ்த்தும். ரிமோட் குச்சியை அசைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். கைரோவைப் போட்டு, விமானத்தைக் கையில் பிடித்துச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

“இன்னைக்கு கைரோ இல்லாம ஏத்துங்க பாப்போம்,” என்றேன்.

ரோஷக்காரர். ஏற்றினார். முதல் சுற்று நன்றாகவே வந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. பிறகு காற்று தள்ளியது, கை தடுமாறியது, விமானம் வரப்புப் பக்கம் திரும்பியது. வரப்பில் உட்கார்ந்து லின்சி செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, கைரோவைப் போட்றவா?”

லின்சி எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

“போடுங்க,” என்றேன்.

விமானம் புரண்டு, மூக்கு குத்தி இறங்கியது. கொடுத்த வேலையைக் கைரோ துளி பிசகாமல் செய்தது. லின்சியின் வலது கண்ணை எடுத்துவிட்டார்களாம். தன் கையால்தான் நடந்தது என்று பிராங்க்ளின் இன்னும் அழுகிறாராம். ரிமோட் அவர் கையில்தானே இருந்தது.

சாய்த்துப் பார்க்கும் அந்தச் சோதனையை அவருக்கு ஏன் சொல்லித்தரவில்லை என்கிறீர்கள். அவர் கேட்கவில்லை, மேடம். கேட்டிருந்தால் பொறுமையாகச் சொல்லித்தந்திருப்பேன்.