மூணு மணி விசில்

கோலப்பன்: …அப்படிப் போடாதலே செல்வா. முதல்ல விரல் இடுக்குல ஈரம் போகத் துடைக்கணும். அதுக்குப் பொறவுதான் சாக்ஸ்.

செல்வகணேஷ்: எனக்கு இந்தக் கால்ல மூணு விரல்தான் மிச்சம் அண்ணாச்சி. இடுக்கும் ரெண்டாக் குறைஞ்சு போச்சு. துடைக்கிற வேலை லாபம். சிரிங்க அண்ணாச்சி. சிரிக்கத்தான் சொன்னேன்.

கோலப்பன்: அதுல சிரிக்க என்ன இருக்கு… இந்தா பிடி. சாலைக் கடைத்தெருவுல வாங்கினேன். தனிப் பருத்தி. நீ போடுவியே வழவழன்னு ஒரு நைலான், அதைத் தூரப் போடு. அது வேர்வையைக் குடிக்காது. காலு உள்ளேயே வேகும்.

செல்வகணேஷ்: நாலு ஜோடியா? எனக்கென்ன எட்டுக் காலா?

கோலப்பன்: காலையில ஒண்ணு. மத்தியானம் சோறு தின்னதும் மாத்த ஒண்ணு. மறுநாளைக்கு ரெண்டு. இந்த ஊரு மழையில ஒரு நாள்ல எது உணங்குது? ஈரத்தோட போடுததுக்குப் போடாமலே இருக்கலாம். பூட்ஸையும் வீட்டுக்கு வந்ததும் மூலையில எறியாத. அதோட நாக்கை நல்லா இழுத்து விட்டு, உள்ள பேப்பரைச் சுருட்டி வை.

செல்வகணேஷ்: பவுடர்?

கோலப்பன்: கொஞ்சமாத் தூவு. நீ தோசைக்கு மாவு கரைக்குத மாதிரி கொட்டுவ. அது வேர்வையில குழைஞ்சு தோலை அடைச்சுக்கிடும். பொறவு வேர்க்குரு வராம என்ன செய்யும்?

செல்வகணேஷ்: எனக்குத்தான் வேர்க்குருவே வந்ததில்லையே.

கோலப்பன்: ஆமா, உனக்கு வந்ததில்லை. கட்டட சைட்ல அத்தனை பேருக்கும் கணுக்கால்லேருந்து பாதம் வரைக்கும் செவசெவன்னு பொரிஞ்சு கிடந்தப்ப நீ மட்டும்… “அண்ணாச்சி நம்மளைப் புதுப்பொண்ணு மாதிரி காலைக் கழுவச் சொல்லுதாரு”ன்னு எல்லாரு முன்னாலயும் ஆடிக் காட்டினியே, ஞாபகம் இருக்கா?

செல்வகணேஷ்: …இருக்கு.

மாடத்தி: சாயா. ரெண்டு பேருக்கும் சீனி போட்டிருக்கு.

கோலப்பன்: எதுக்கு மாடத்தி இதெல்லாம்…

மாடத்தி: ஒம்பது ஞாயித்துக்கிழமையா வாறீய. புருஷனைப் பாக்க வந்தவருக்குச் சாயா கூடக் குடுக்கலைன்னு இருக்க வேண்டாம். …நாளைக்குப் பத்து மணிக்கு இவங்களை ஆபீஸுக்கு வரச் சொல்லியிருக்கு. தெரியுமில்லா?

செல்வகணேஷ்: மாடத்தி, சும்மா இரி.

மாடத்தி: ரெண்டு மாசமாச் சும்மாதானே இருக்கேன். “பூட்ஸைத் தன்னிஷ்டத்துக்குக் கழட்டினான்”னு ரிப்போர்ட்ல இருக்காம். அப்படின்னா திரும்ப வேலை கிடையாதாம். அதை எழுதின சூப்பர்வைசர் யாருன்னு நான் கேட்டேனா?

செல்வகணேஷ்: உள்ள போன்னு சொன்னேன்…

கோலப்பன்: இருக்கட்டும் செல்வா. கேக்கட்டும். யாராவது கேக்க மாட்டாங்களான்னுதான் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வாறேன். நீங்க கேக்க மாட்டேங்கீய. எனக்கு வாய் வர மாட்டேங்கு. பழத்தை வச்சிட்டுப் போயிருதேன்.

மாடத்தி: அப்ப கேக்கேன். விசில் கேட்டுத்தான் கழட்டினேன்னு இவங்க ஆஸ்பத்திரியில வச்சே எங்கிட்டச் சொன்னாங்க. நீங்க விசில் ஊதினீயளா, இல்லியா?

கோலப்பன்: ஊதினேன். தினமும் மூணு மணிக்கு ஊதுவேன். கம்பெனி சட்டத்துல அது கிடையாது மாடத்தி, நானாக் கொண்டுவந்தது. மூணு மணிக்குச் சாரத்து மேல்தட்டுல உள்ளவனுவ சாயாக்கு இறங்கிருவானுவ. தலைக்கு மேல ஒண்ணும் விழாது. அந்தப் பத்து நிமிஷம் கீழ உள்ளவன் பூட்ஸைக் கழட்டிக் காலுக்குக் காத்துக் காட்டலாம். ஒரே மாசத்துல பாதிப் பேருக்கு வேர்க்குரு அடங்கிட்டு. எனக்கு ஒரே பெருமை…

மாடத்தி: அன்னைக்கு?

கோலப்பன்: அன்னைக்கு எம் மவன் சுதீஷ் வாறான். மூணரை வண்டிக்குத் தம்பானூர் ஸ்டேஷன்ல போய் நிக்கணும். கால் மணி நேரம் முன்னால ஊதினா என்ன கெட்டுப் போவுதுன்னு… ரெண்டே முக்காலுக்கே ஊதிட்டேன். மேல உள்ளவன் இறங்கலை. நான் நிமிந்தும் பாக்கலை.

செல்வகணேஷ்: அண்ணாச்சி, சாயா ஆறுது.

கோலப்பன்: ஆறட்டும். கான்கிரீட் மிக்ஸர் ஓடுத சத்தத்துல விசில் ஒருத்தனுக்கும் கேக்கலை. இவனுக்கு மட்டும் கேட்டிருக்கு. இவன் மட்டும் கழட்டினான். மேலேருந்து பைப் நேரா… பூட்ஸ் மட்டும் இருந்திருந்தா, முன்னால உள்ள இரும்பு தாங்கியிருக்கும். சாயங்காலம் ரிப்போர்ட் கேட்டாங்க. எனக்கு ரிட்டயர் ஆக ஒண்ணரை வருஷம். விசிலே ஊதலைன்னு எழுதிட்டேன்.

மாடத்தி: எழுதிட்டு ஆரஞ்சு வாங்கிட்டு வந்தீய.

கோலப்பன்: வந்தேன்.

மாடத்தி: அதை நான் உரிச்சு இவங்களுக்கு ஊட்டினேன்.

கோலப்பன்: …நாளைக்கு நானும் கூட வாறேன் மாடத்தி. எழுதியே கொண்டுவந்திருக்கேன். சாக்ஸ் பொதிக்கு அடியில பாரு. நேரந்தப்பி ஊதினது நான், பொய் எழுதினது நான். இவனை எடுத்துக்கிடுவாங்க. ஸ்டோர்ல உக்காந்து செய்யுத வேலை.

மாடத்தி: உங்க வேலை?

கோலப்பன்: போவும். போவட்டும்.

மாடத்தி: நான் உங்களை எவ்வளவு ஏசியிருக்கேன் தெரியுமா அண்ணாச்சி? விளக்குப் பொருத்தி வச்சிட்டு, சாமி முன்னால நின்னே ஏசியிருக்கேன்.

கோலப்பன்: ஏசினது தப்பில்லை தாயி.

செல்வகணேஷ்: மாடத்தி, அந்தக் காயிதத்தை இங்க குடு.

மாடத்தி: கிழிச்சுப் போடுவீய. நம்ம சோறு இது. தர மாட்டேன்.

கோலப்பன்: அவ கையிலயே இருக்கட்டும் மக்கா. எனக்கு இப்பத்தான் மூச்சு வருது.

செல்வகணேஷ்: அண்ணாச்சி… ஒண்ணு கேக்கட்டா? பைப் விழுந்தப்ப நான் எங்க கிடந்தேன்?

கோலப்பன்: பலகை அடுக்குக்குப் பின்னால.

செல்வகணேஷ்: காத்துக் காட்ட எல்லாரும் முன்னால, நிழல்லதானே உக்காருவோம்? நான் மட்டும் எதுக்குப் பின்னால போனேன்?

கோலப்பன்: …எதுக்கு?

செல்வகணேஷ்: எனக்கும் குரு இருந்தது. எல்லாரையும் விட மோசம். சொறிஞ்சு சொறிஞ்சு ரத்தமே வரும்.

மாடத்தி: சேத்துப்புண்ணுன்னுல்லா சொன்னீய எங்கிட்ட?

செல்வகணேஷ்: உங்கிட்டச் சொன்னதும் பொய்தான். எல்லாரு முன்னாலயும் ஆடிக் காட்டிட்டு, பொறவு எந்த மூஞ்சியோட அண்ணாச்சிகிட்டப் போய்க் காலை நீட்டுவேன்? தினமும் ஒளிஞ்சு போய்க் கழட்டுவேன். அன்னைக்கு மேல பைப் ஏத்துதாங்கன்னு தெரியும். தெரிஞ்சும் தாங்க முடியலை.

கோலப்பன்: விசில் கேட்டுட்டுத்தானே மக்கா? கேட்டுட்டுத்தானே கழட்டின?

செல்வகணேஷ்: எனக்கும் கேக்கலை அண்ணாச்சி. ஆஸ்பத்திரியில இவகிட்ட விசில்னு சொன்னது பயத்துல சொன்ன பொய். ரெண்டரைக்கே கழட்டிட்டேன். நான் தன்னிஷ்டத்துக்குக் கழட்டினேன்னு நீங்க பொய்யின்னு நெனைச்சு எழுதினீயளே… அது உள்ளதுதான்.

மாடத்தி: ஐயோ, வாயை மூடுங்க. காயிதம் எங்கிட்ட இருக்கு. நாம மூணு பேரு… வேற யாருக்குத் தெரியும்?

செல்வகணேஷ்: எனக்குத் தெரியும்லா.

கோலப்பன்: லேய்… ஒம்பது ஞாயித்துக்கிழமை. ஒவ்வொரு வாட்டியும் உன் தெருமுனையில நின்னு கண்ணைத் துடைச்சிட்டுத்தான் படி ஏறியிருக்கேன். ஒரு வாட்டி… ஒரே ஒரு வாட்டி சொல்லியிருக்கக் கூடாதா?

செல்வகணேஷ்: சைட்ல இருபத்துரெண்டு பேரு. பாக்க வந்தது நீங்க ஒருத்தர்தான். சொல்லியிருந்தா… அடுத்த ஞாயித்துக்கிழமை வந்திருப்பீயளா அண்ணாச்சி?