ஆவியாய்ப் போன கன்றுகள்

"கன்னுக்குட்டிங்க எல்லாம் ஆவியா பூடுச்சும்மா" என்று முன்சீட்டில் ஒருவர் சொன்னதும் நான் காதில் ஓடிய பாட்டை நிறுத்தினேன். காஞ்சிபுரத்திலிருந்து தாமலுக்குப் போகும் பேருந்து. பேச்சிலிருந்து அவர் பால் சங்கத் தலைவர், பக்கத்தில் இருந்த அம்மாள் சங்கத்தில் பால் ஊற்றுகிறவர் என்று புரிந்தது. சினை ஊசிக்கான உறைவிந்தைச் சங்கம் புதிதாக வாங்கிய திரவ நைட்ரஜன் கேன் ஒன்றில் வைத்திருக்கிறது. கேனில் குளிர் நிற்கவில்லை. நைட்ரஜன் ஆவியாகி, உள்ளே இருந்ததெல்லாம் கெட்டுவிட்டது.

"என் மாடு பருவத்துக்கு வந்து வந்து சும்மாவே போவுது. பாலும் வத்திக்கினு வருது. கேன் செய்றவனை நேர்ல போய் பாத்தீங்களா, இல்லியா?"

"பாக்காம வாங்குவனா? கமிட்டியே வேன் வெச்சிக்கினு போனோம். ஆபீஸ்ல ஏசி அப்படி ஜில்லுனு இருந்துச்சு. ஆபீசையே இப்படி வெச்சிருக்கறவன் கேனை எப்படி செய்வான்னு கையெழுத்துப் போட்டுட்டோம்."

"கேன் செய்ற எடத்தைப் பாத்தீங்களா?"

"அதுக்குள்ள பிரியாணி வந்துடுச்சும்மா."



"ஏற்கெனவே வாங்கனவங்க யாரையாவது கேட்டீங்களா?"

"கேட்டனே. ஒருத்தர் அடிச்சு சொன்னாரு, அருமையான கம்பெனின்னு."

"யாரு?"

"ஓனரோட மச்சான்."

பேருந்து ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது.

"வேற கம்பெனியில கொட்டேஷன் கேட்டிருக்கேன். கொஞ்சம் பொறுத்துக்கோம்மா."

"நீங்க பொறுமையா வாங்குங்க தலைவரே. பக்கத்துல கூரம் ஊர்ல ஒரு காளை இருக்குது. நானே போய் பாத்துட்டேன். அதுக்குப் பொறந்த கன்னுங்களையும் வீடு வீடா பாத்துட்டேன். நாளைக்கு மாட்டை ஓட்டிக்கினு போறேன்."

தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க வூட்டு மாட்டையும் ஓட்டிக்கினு வரட்டுமா?" என்று கேட்டார்.