எண்ணாத இரண்டாயிரம் கட்டங்கள்

என் மீது மருத்துவமனை கொடுத்த புகாரில் கண்டுள்ள பெயரும் முகவரியும் என்னுடையவைதான். வயது நாற்பத்தெட்டு. இந்த மருத்துவமனையின் எக்ஸ்-ரே பிரிவில் பதினேழு ஆண்டுகளாக இயற்பியலாளராக இருக்கிறேன். கருவி காட்டுவது உண்மையா என்று பார்ப்பது என் வேலை.

மார்பகப் படம் எடுக்கும் எங்கள் புதிய கருவியில், உடலைக் கடந்து வரும் எக்ஸ்-ரே துகள்களை நுண்ணிய கட்டங்கள் ஒவ்வொன்றாக எண்ணுகின்றன. ஒரு கட்டம் செத்துப்போனால், சுற்றியுள்ள கட்டங்களின் சராசரியைக் கொண்டு கணினி அந்த இடத்தை நிரப்பிவிடும். ஓரிரு கட்டங்கள் என்றால் பாதகமில்லை. அப்படி நிரப்ப டெக்னீஷியனுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நானே. எத்தனை வரை என்று எழுதி ஒட்டாதது என் தவறு.

ஒன்பது நாள் விடுப்பு முடிந்து திரும்பிய அன்று, வழக்கம்போல் பிளாஸ்டிக் பலகையை வைத்துச் சோதனைப் படம் எடுத்தேன். மாசுமறுவில்லாமல் வந்தது. அவ்வளவு சுத்தத்தை நான் நம்புவதில்லை. அதன் பிறகு, நிரப்புவதை நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தேன். மிளகளவில் ஒரு கறுப்புச் சதுரம் தெரிந்தது; இரண்டாயிரம் கட்டங்கள். புற்றுநோயின் தொடக்கத்தைக் காட்டும் புள்ளிகள் அதைவிடச் சிறியவை.

டெக்னீஷியனைக் கேட்டேன்.

"நீங்கதானேக்கா நிரப்பச் சொன்னீங்க?"

"ஒண்ணு ரெண்டுக்குச் சொன்னேன். ரெண்டாயிரத்துக்கா?"

"படம் பளிச்சுனுதானே இருக்கு, அந்தம்மா வந்தா இதுலயும் குத்தம் கண்டுபிடிக்கும்னு மேனேஜர் சொன்னாருக்கா."

அந்த ஒன்பது நாளில் நாற்பத்தொரு பெண்களுக்குக் குறையில்லை என்று அறிக்கை போயிருந்தது. அவர்களில் ஒருத்தி எங்கள் பிரிவைப் பெருக்குபவள். குறையில்லை என்று வந்த மகிழ்ச்சியில் அன்று காலைதான் எனக்கு மிட்டாய் கொடுத்திருந்தாள். நானும் தின்றிருந்தேன்.

அதன் பிறகு மேனேஜரிடம் சென்று, நாற்பத்தொரு பேரையும் திரும்ப அழைத்து வேறு கருவியில் படமெடுக்க வேண்டும் என்றேன். "பீதியக் கிளப்பாதீங்க மேடம். பார்ட் வந்ததும் மாத்திக்கலாம். வெளிய பன்னெண்டு பேர் உக்காந்திருக்காங்க, போய் வேலையப் பாருங்க" என்றார். அதன் பிறகு நான் கருவியின் சாவியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, அந்தப் பன்னிரண்டு பேரிடமும் காரணத்தைச் சொல்லி அனுப்பிவிட்டேன். மூன்று நாளாகக் கேட்டும் சாவியைத் தரவில்லை. இப்போது காவல் ஆய்வாளரிடம் ஒப்படைக்கிறேன். நாற்பத்தொரு பேரின் பட்டியலையும் இத்துடன் இணைக்கக் கொடுத்திருக்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதை ஆய்வாளர் படித்துக்காட்டினார். சாவியைத் தவறுதலாக எடுத்துச் சென்றதாக எழுதியிருந்தார். "இருக்கட்டும்மா, சாவிதான் கெடச்சிருச்சே, புகாரை முடிச்சிடலாம்" என்றார். புகார் முடிந்தால் பட்டியலும் அதற்குள்ளேயே கிடக்கும்; யாரையும் யாரும் அழைக்க மாட்டார்கள். அந்தச் சொல்லை அடித்துவிட்டு, தெரிந்தே எடுத்தேன் என்று எழுதச் சொன்னேன். எழுதினார். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது. அடித்த இடத்திலும் கீழேயும் கையெழுத்திட்டிருக்கிறேன்.