நட்சத்திர ரிப்பனைக் கொளுத்திப் பார்த்த விவரம்

என் பெயர் கவிப்பிரியா. வயது 23. தகப்பனார் பெயர் கந்தப்பன், விசைத்தறித் தொழிலாளி. சோமனூர் மாரியம்மன் கோவில் வீதியில் பெற்றோருடன் குடியிருந்து வருகிறேன். பி.காம். படித்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். திருப்பூரில் குழந்தைகள் உடுப்பு தைத்து ஏற்றுமதி செய்யும் திரு. சிவராஜ் அவர்களின் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் உதவி மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். எங்கள் கொள்முதல் மேலாளர் திருமதி அன்புசெல்வி மீது ரிப்பன் ஏஜென்ட் திரு. நித்தீஷ் காவல் நிலையத்தில் கொடுத்துள்ள மனு சம்பந்தமாக, யாரும் என்னை அழைக்காத நிலையில் நானாகவே கேட்டுக்கொண்டதன் பேரில், விசாரணை அலுவலர் இன்று எங்கள் வீட்டிற்கு வந்து, பெண் காவலரும் என் தாயார் மாரக்காளும் உடனிருக்க விசாரித்தபோது சொன்னதாவது.

எங்கள் கம்பெனிக்கு ஐரோப்பாவிலிருந்து பிறந்த குழந்தைக்கான பரிசுப் பெட்டி ஆர்டர் வந்தது. ஒரு சட்டை, ஒரு தொப்பி, ஒரு ஜோடி காலுறை ஆகியவற்றை அட்டைப் பெட்டியில் வைத்து, தங்க நிற நட்சத்திரங்கள் ஒட்டிய ரிப்பனை மேலே கட்ட வேண்டும். வாங்குபவர் இரண்டு விஷயங்களில் கண்டிப்பாக இருந்தார். பேக்கிங்கில் பிளாஸ்டிக் கூடாது, ரிப்பன் முழுப் பருத்தியாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. குழந்தை எதையும் வாயில் வைக்கும் என்பதால் பெட்டியிலிருந்து எதுவும் கழன்று வரக் கூடாது என்பது மற்றொன்று. அப்படிப்பட்ட ரிப்பனை வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றிலிருந்து வரவழைத்துத் தருவதாக நித்தீஷ் சொல்லி, சாம்பிள் ஒன்றும் பரிசோதனைக் கூடத்தின் சான்றிதழ் நகல் ஒன்றும் கொடுத்தார். அன்புசெல்வி சாம்பிளைச் சோதித்ததில் சரியாக இருந்தது. சான்றிதழ் எண்ணை அந்தக் கூடத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்ததில் அதுவும் சரியாக இருந்தது. மற்றவர்கள் அதோடு விட்டிருப்பார்கள். அவர், எந்த ரிப்பனைச் சோதித்தீர்கள், அதன் படத்தை அனுப்புங்கள் என்று அந்தக் கூடத்திற்கு மெயில் எழுதினார். பதில் வருவதற்குள் சரக்கு துறைமுகம் வந்து, அங்கிருந்து லாரியில் கம்பெனிக்கு வந்துவிட்டது.

அதன் பிறகு, பேக்கிங் ஹாலில் முதல் பெட்டியைக் கட்டி முடித்ததும் எங்கள் வழக்கப்படி அதைப் பிள்ளையார் படத்தின் முன் மேஜை மேல் வைத்து பூஜை செய்தார்கள். எந்த ஆர்டராக இருந்தாலும் முதல் பெட்டிக்குச் சூடம் காட்டாமல் இரண்டாவது பெட்டி கட்டுவதில்லை. சிவராஜ் அவர்கள் சூடத் தட்டைச் சுற்றும்போது ரிப்பனின் நுனி தட்டில் பட்டுத் தீப்பிடித்து, உருகி மேஜை விரிப்பில் சொட்டி, மேஜையும் உள்ளங்கை அகலத்திற்குக் கருகியது. பேக்கிங் செய்யும் பழனாத்தாள் ஈரத் துணியைப் போட்டு அணைத்துவிட்டு, “சாமிக்கே இந்த ரிப்பன் புடிக்கலையாட்ட இருக்குதுங்க” என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அன்புசெல்வி சிரிக்கவில்லை. குனிந்து கருகிய நுனியை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். அது நசுங்கவில்லை. கறுப்பு மணி போல உருண்டு கெட்டியாக இருந்தது. நான் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். பருத்தி எரிந்தால் காகிதம் எரிந்த வாசனை வரும், சாம்பல் தொட்டால் உதிரும் என்று எனக்கும் தெரியும். ஆனால் அத்தனை பேர் நடுவில் வாய் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அன்புசெல்வி முதலாளியைப் பார்த்து, “பருத்தின்னா சாம்பலாகோணுமுங்க. இது எதுக்குங்க உருகுது? கட்டறதை நிறுத்தச் சொல்லுங்க” என்று சொன்னார். தேங்காய் கூட இன்னும் உடைக்கவில்லை.

அதன் பிறகு அவர் வெவ்வேறு அட்டைப் பெட்டிகளிலிருந்து ரிப்பன் சுருள்களை எடுத்துக்கொண்டு, கட்டடத்திற்கு வெளியே தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் உள்ள சிமெண்ட் களத்திற்குப் போனார். அங்கே துணியோ அட்டையோ இல்லை. ஒரு பக்கெட் தண்ணீரும் ஒரு பக்கெட் மணலும் வைத்த பிறகே வேலையைத் தொடங்கினார். ஒவ்வொரு சுருளிலிருந்தும் ஒரு சாண் மட்டும் வெட்டி, குறட்டில் பிடித்துக் கொளுத்தி, தகரத் தட்டில் வைத்துப் பார்த்ததில் எல்லாமே பிளாஸ்டிக் போல உருகின. சாம்பிளில் மிச்சமிருந்த துண்டு மட்டும் சாம்பலானது. அதன் பிறகு மீதித் துண்டுகளைத் தையல் பிரிவுக்குக் கொண்டுபோய், சட்டைப் பட்டனை இழுத்துப் பார்க்கும் மெஷினில் நட்சத்திரங்களை மாட்டி இழுத்தார். பட்டன் தாங்கும் இழுப்பில் கால்வாசிக்கு முன்பே நட்சத்திரங்கள் கழன்று தரையில் விழுந்தன. பட்டனுக்கு வைத்திருக்கும் மெஷினில் ரிப்பனைச் சோதிக்கலாம் என்பது அதுவரை எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. விழுந்தவற்றைக் கூட்டித் தள்ள விடாமல் அவரே மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கவரில் போட்டார்.

அதன் பிறகு நித்தீஷ் கம்பெனிக்கு வந்து, “ஏனுங்க மேடம், பிரிச்சதும் குப்பையில போடற ரிப்பனுங்க. அதுக்குப் போயி இவ்வளவு ஆராய்ச்சியா?” என்று கேட்டார். “குப்பையில போடறதுக்கு முன்னால கொழந்தை வாயில போட்டுக்குமுங்க. உங்க ஊட்லயும் கைக்கொழந்தை இருக்குதுங்கல்ல?” என்று அன்புசெல்வி கேட்டார். சிவராஜ் அவர்கள், “வெள்ளிக்கெழமை கண்டெய்னருங்க அம்மிணி” என்று மட்டும் சொன்னார். “போயிருச்சுன்னா நிறுத்த முடியாதுங்க. இப்பன்னா நிறுத்தலாமுங்க” என்றார் அன்புசெல்வி. அவர் குரலை உயர்த்தவே இல்லை. மறுநாள் பரிசோதனைக் கூடத்திலிருந்து படம் வந்தது. அவர்கள் சோதித்தது நட்சத்திரமே இல்லாத வேறொரு வெள்ளைப் பருத்தி ரிப்பன். அன்புசெல்வி வாங்குபவரை வீடியோவில் அழைத்து, உருகிய மணியையும் கழன்ற நட்சத்திரங்களையும் காட்டி, எதையும் மறைக்காமல் சொன்னார். வேறு வழி என்ன என்று அவர்கள் கேட்டபோது, உள்ளூர்ப் பருத்தி நாடாவை நட்சத்திரம் எதுவும் இல்லாமல் கட்டிக் காட்டினார். அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். கண்டெய்னர் ஒரு வாரம் தாமதமாகப் போனது. நித்தீஷின் மீதிச் சரக்கு முழுவதும் திருப்பி அனுப்பப்பட்டது. சோதனைக்கு எடுத்த சுருள்கள் மட்டும் எங்களிடம் இருக்கின்றன.

அதன் பிறகு, அன்புசெல்வி துணி நிறைந்த பேக்கிங் ஹாலுக்குள் ஆட்கள் இருக்கும்போதே வேண்டுமென்று சரக்குக்குத் தீ வைத்தார் என்று நித்தீஷ் மனு கொடுத்திருக்கிறார். கம்பெனிக்கு வந்தபோது கருகிய மேஜையைப் படம் பிடித்து மனுவோடு சேர்த்திருக்கிறார். அந்தக் கரி பூஜையின்போது ஏற்பட்டது. நித்தீஷ் எனக்குப் போன் செய்து, “நீங்க நேத்து வேலைக்கு வந்த பொண்ணுங்க. நான் ஒண்ணும் பாக்கலைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க” என்றார். நான் போனை வைத்துவிட்டேன். பேக்கிங் ஹாலில் நெருப்பே கூடாது என்பது வாங்குபவரின் பாதுகாப்பு விதி. பூஜையைப் பற்றிச் சொன்னால், அவர்கள் நடத்தும் அடுத்த பாதுகாப்பு ஆடிட்டில் கம்பெனி மாட்டிக்கொள்ளும். ஆகவே என்ன சொல்வது என்று நான் முதலாளியிடம் போய்க் கேட்டேன். அவர், “சூடம் காட்டுனது நாந்தான்னே சொல்லு கண்ணு. ஆடிட்டுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்” என்று சொன்னார்.

அன்புசெல்வி காவல் நிலையத்தில் கொடுத்த வாக்குமூலத்தை எங்கள் ஆபீஸில் வக்கீல் வாசித்தபோது நான் அங்கே இருந்தேன். களத்தில் ரிப்பனைக் கொளுத்தியபோது தான் தனியாக இருந்ததாக அதில் சொல்லியிருக்கிறார். தனியாக இருந்ததற்குச் சாட்சி ஏது என்று வக்கீல் கேட்டார். ஹாலுக்குள்தான் கொளுத்தினார் என்று நித்தீஷ் சொல்வதே நிற்கும், வழக்குப் பதிவாகும் என்றும் சொன்னார். அன்புசெல்வி, சொன்னது சொன்னதுதான் என்றார். வெளியே வந்ததும் நான் ஏன் என்று கேட்டதற்கு, “உனக்கு நாளைக்குக் கல்யாணம் காச்சி இருக்குது கண்ணு. போலீஸ் கேஸ்ல உன்ற பேரு எதுக்கு?” என்றார்.

அவர் சொன்னதில் அந்த ஒரு வரி மட்டும் உண்மையல்ல. களத்தில் நானும் இருந்தேன். தண்ணீரும் மணலும் எடுத்து வைத்தவள் நான். அவர் இரண்டு கையாலும் குறட்டைப் பிடித்திருந்ததால், ஒவ்வொரு துண்டுக்கும் தீக்குச்சி கிழித்து வைத்தவளும் நான்தான். கட்டடத்திற்குள் அவர் ஒரு குச்சியும் கிழிக்கவில்லை. இதைச் சொல்லும்போது என் தாயார் அழுதார், ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. இந்த மனுவில் தீ வைத்தவர் என்று ஒருவர் பெயரை எழுதியே ஆக வேண்டும் என்றால், அன்புசெல்வியின் பெயரை எடுத்துவிட்டு என் பெயரை எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதை அலுவலர் எனக்கு வாசித்துக் காட்டினார். நானும் கையில் வாங்கி ஒருமுறை வாசித்தேன். நான் சொன்னதற்கு மேலும் இல்லை, குறைவும் இல்லை. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
க. கவிப்பிரியா