வகுப்பில் சொன்ன குவைத் செய்தி

திருத்துறைப்பூண்டி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு சமூக அறிவியல் ஆசிரியர். பக்கத்தில் நின்றிருந்த அம்மாள், அவருடைய மாணவியின் தாய் போலும், குனிந்து கேட்டார்.

"சார், நாளைக்கு வகுப்புல சிங்கப்பூர்ல கலவரம்னு சொல்லுங்களேன்."

"அங்க ஒண்ணும் நடக்கலையேம்மா!"

"குவைத்துல சண்டை வரும்போலன்னு நீங்க உலகச் செய்தியில சொன்னீங்க. எம்பொண்ணு போன்ல அழுத அழுகையில, வருஷக்கணக்கா நான் கூப்பிட்டும் வராத எம் வீட்டுக்காரரு, அவ அத்தா, குவைத்துலேருந்து வந்து எறங்கிட்டாங்க."

"சந்தோஷம். சிங்கப்பூர்ல யாரு?"

"எந்தம்பி. பொண்ணு பாத்து வச்சிருக்கோம், வரமாட்டேங்குறான். எம்பொண்ணு போன்ல அழுதா வந்துருவான்."

"நடக்காததை எப்படிம்மா சொல்றது?"

"அப்ப அங்க மழையாவது பலமாப் பெய்யுதான்னு பாத்துச் சொல்லுங்க சார்."

ஆசிரியர் சிரித்துக்கொண்டே மடியிலிருந்த பேப்பரைப் பிரித்து, வானிலைச் செய்தியைத் தேட ஆரம்பித்தார்.