பூஜையிலிருந்து எடுத்துக் கொடுத்த பச்சை நோட்டு

பெயர் தங்கப்பொண்ணு, வயது 67, காலஞ்சென்ற ஆண்டிச்சாமியின் மனைவி. ஒத்தக்கடையில் வாடகை வீட்டில் குடியிருந்து வருகிறேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்துள்ளேன். மூத்த பேரன் சிவபாண்டி ரயில்வேயில் வேலை பார்க்கிறான். சின்னப் பேரன் விருமாண்டி பாலிடெக்னிக்கில் முதல் வகுப்பில் தேறியவன். பேத்தி முத்துமீனா, வயது 26, எம்.எஸ்சி.யில் தங்க மெடல் வாங்கி, எங்கள் ஊரிலேயே முதலாவதாக டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்து வந்தவள். அவளுக்குச் சமைத்துப் போட மேலூர்ப் பக்கமிருந்து வந்து உடனிருந்தேன்.

முத்துமீனா செல்களின் மேல் மருந்தை ஊற்றி எத்தனை உயிரோடு மிஞ்சுகிறது என்று பார்ப்பாள். ஒப்பிட்டுப் பார்க்க மருந்து ஊற்றாத செல்களும் இருக்கும். அதில் மிஞ்சுகிற கணக்கை ஒவ்வொரு முறையும் நூறு என்றே போடும்படி அவளுடைய கைடு பேராசிரியர் காசிமாயன் சொன்னதாகவும், தான் மறுத்து ஆய்வுக்கூடத்தில் மனுக் கொடுத்ததாகவும் என்னிடம் கூறினாள். "ஒரே நாத்து, ஒரே தண்ணிதான். வயலுக்கு வயல் வெளைச்சல் ஒண்ணாவா இருக்கு அப்பத்தா? மருந்து ஊத்தாததும் ஒருநா எம்பத்தஞ்சு நிக்குது, ஒருநா பெருகி நூத்திப் பதினெட்டு நிக்குது. அம்புட்டையும் நூறுன்னு மூடிட்டா, வேலை செய்யாத மருந்தும் வேலை செஞ்ச மாதிரி தெரியும்" என்றாள். அந்த ஏற்ற இறக்கமெல்லாம் ஒரு பச்சை அட்டை நோட்டில் மட்டுமே இருந்தது.

ஆயுத பூஜையன்று அந்த நோட்டை நான்தான் கேட்டு வாங்கி, அட்டையில் மூன்று குங்குமப் பொட்டு வைத்து, சாமி படத்தின் முன் வைத்தேன். அதன் பிறகு முத்துமீனா பொரி வாங்கப் போயிருந்த நேரம் மேற்படி காசிமாயன் வந்தார். "ஆத்தா, பேத்தி நோட்டக் குடுங்க, பாத்துட்டுத் தாரேன்" என்றார். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை எடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். படிப்புச் சொல்லிக்கொடுப்பவரே வாசல் தேடி வந்து கேட்கிறாரே என்று எடுத்துக் கொடுத்தேன். சுண்டலும் கொடுத்தேன். பேத்தியின் மெடலையும் எடுத்துக் காட்டினேன்.

அதன் பிறகு முத்துமீனா வந்ததும் சொன்னேன். வாங்கி வந்த பொரியை நோட்டு இருந்த இடத்தில் வைத்தாள். என்னைத் திட்டவில்லை. "சரி, நீ சாப்பிடு அப்பத்தா" என்றாள்.

அதன் பிறகு அவள் கொடுத்த மனுவின் பேரில் நடந்த விசாரணையில், நோட்டே வாங்கவில்லை என்று மேற்படி காசிமாயன் சொல்லிவிட்டதால், இல்லாத எண்களை இவள் சொன்னதாக ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள். மறுநாள் காலை "மேலூர் வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று பஸ் ஏறியவள் மேலூருக்கும் போகவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. இன்றோடு இருபது நாள் ஆகிறது.

மேற்படி நோட்டு கிடைத்தால் அட்டையில் என் பொட்டு மூன்றும் இருக்கும். அடையாளம் காட்டுவேன். அவளைத் தேடுவதற்கு நான் ஸ்டேஷனில் கொடுத்த போட்டோ மெடல் வாங்கிய அன்று எடுத்தது. இப்போது முகம் அப்படி இல்லை, மெலிந்துவிட்டது. எழுதியதைப் படித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது, பொய் ஏதும் இல்லை. அவள் இருக்கும் இடம் உங்களுக்குத் தெரியவந்தால், விலாசம்கூட எழுத வேண்டாம், புதுப் போட்டோ ஒன்று மட்டும் தபாலில் போடச் சொல்லவும்.

(ஒப்பம்) ஆ. தங்கப்பொண்ணு